ரயிலில் பாடிய பெண்: கே.பி. சுந்தராம்பாள்



மலர்க் குழு கூடினப்போ ஆளுக்கொரு பொறுப்பு பிரிச்சுக் கொடுத்தாங்க. எனக்கு வந்தது, மறைந்த பெண் ஒருத்தரோட வாழ்க்கையை நாலு பக்கத்துக்கு எழுதணும்னு. முத்துலட்சுமி ரெட்டியைப் பத்தி எழுதுங்கன்னு ஒருத்தர் சொன்னாங்க, ஜான்சி ராணின்னு இன்னொருத்தர். நான் கே.பி. சுந்தராம்பாள்னு சொன்னேன். சின்ன வயசு உறுப்பினர் ஒருத்தி அது யாருக்கான்னு கேட்டா. திருவிளையாடல் படத்துல கோல் ஊன்றிக்கிட்டு முருகனைப் பார்த்துப் பாடுவாங்களே அந்தம்மான்னு சொன்னதும், ஓ, அந்தப் பாட்டியான்னா.

நம்ம எல்லாருக்கும் அவர் பாட்டிதான். கிருத்திகை அன்னிக்குக் குரோம்பேட்டை குமரன்குன்றத்துக்குப் போற வழியில, ஏதாவது ஒரு டீக்கடை ஸ்பீக்கர்ல அந்தக் குரல் கேக்காம இருக்காது. ஆனா அந்தப் பாட்டி ஒரு காலத்துல வயித்துக்காகப் பாடின சின்னப் பொண்ணு. எங்க அம்மா ஊர் கரூர் பக்கம். கொடுமுடி கோயிலுக்குப் போறப்பல்லாம் அம்மா அந்தக் கதையைச் சொல்லுவாங்க. அதனாலதான் கேட்டதும் அந்தப் பேர் என் வாயில வந்துச்சு.

காவிரிக் கரையில இருக்கிற கொடுமுடியில் 1908-ஆம் வருஷம் சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பேருக்கு முன்னால இருக்கிற கே என்பது கொடுமுடி. பி என்பது பாலாம்பாள். அது அவரோட அம்மா பேர். நம்ம குழுவுல அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா, எதை இனிஷியலாப் போடுறதுன்னு வங்கிக் கணக்கு தொடங்குறப்போ எத்தனை பேர் குழம்பினோம்! நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பொண்ணு அம்மா பேரை முன்னால வெச்சுக்கிட்டு ஊர் ஊராப் போயிருக்கு. தகப்பன் துணையில்லாத வீடு. தாய் ஒருத்தியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். சாப்பாட்டுக்கே கஷ்டம். சுந்தராம்பாளுக்குக் குரல் இருந்தது. அதனால ரயிலில் ஏறிப் பாடி, கொடுக்கிற காசை வாங்கிக்கிட்டு வருவார்.

நம்ம பீச் - தாம்பரம் மின்சார ரயில்ல இதை இன்னைக்கும் பாக்கலாம். கழுத்துல சின்ன ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டுக் கண் தெரியாதவங்க பாடிட்டு வருவாங்க. சிலர் அஞ்சோ பத்தோ போடுவாங்க, பாதிப் பேர் போனைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த ரயில்ல போன ஒருத்தர் போனைப் பாக்காம காது கொடுத்துக் கேட்டதாலதான் சுந்தராம்பாள் நாடகத்துக்கு வந்தார்னு வெச்சுக்கங்களேன். அவர் எஃப்.ஜி. நடேச அய்யர். திருச்சியில ரயில்வே அதிகாரி, நாடகப் பைத்தியம். இந்தக் குழந்தையோட குரலைக் கேட்டு, தாயாரிடம் பேசி, வேலு நாயர் நடத்தின நாடகக் கம்பெனியில் சேர வழி செய்தார்.

முதல்ல கிடைச்ச வேஷம் நல்லதங்காள் நாடகத்துல. நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சத்துல பிள்ளைகளோட அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணத்துல தள்ளித் தானும் விழுவாள். அதுல மூத்த பையன் வேஷம் சுந்தராம்பாளுக்கு. பசிக்குதுன்னு தாய்கிட்ட அழுது பாடணும். சபை மொத்தமும் கலங்கிப் போச்சாம். அந்தப் பாட்டை அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லைன்னு எனக்குத் தோணும்.

அந்தக் கால நாடகம் எப்படின்னு கொஞ்சம் சொல்லணும். ராத்திரி ஆரம்பிச்சு விடியக்காலம் வரைக்கும் நடக்கும். மைக் கிடையாது. கொட்டகையோட கடைசி வரிசையில மண் தரையில உக்காந்திருக்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேக்கணும். குரல் எடுபடலைன்னா சனங்க எழுந்து போயிடுவாங்க, அடுத்த ஊர்ல கூப்பிட மாட்டாங்க. ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு இருந்துச்சு. இங்கேயிருந்து ஒரு நடிகர், அங்கேயிருந்து ஒரு நடிகைன்னு தனித்தனியா வரவழைச்சு மேடையேத்துவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால ஒத்திகையே வேண்டாம். ஆனா மேடையில ஒருத்தரை ஒருத்தர் பாட்டால மடக்கப் பாப்பாங்க. அசந்தா போச்சு.

இங்க ஒரு இடைச்செருகல். நம்ம பக்கத்துப் பம்மல்காரர்தான் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ல் சென்னையில சுகுண விலாச சபை தொடங்கினவர். படிச்சவங்க, வக்கீல்கள் எல்லாம் அதுல நடிச்சாங்க. பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைங்களே கட்டினாங்க. கௌரவமான வீட்டுப் பொம்பளைங்க மேடையேறக் கூடாதுங்கிற காலம் அது. அப்போ மேடையேறின பொம்பளைங்களை ஊர் எப்படிப் பேசியிருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். அந்தப் பேச்சுக்கு நடுவுலதான் சுந்தராம்பாள் வளர்ந்தார்.

கொஞ்ச வருஷத்துல கம்பெனியோட இலங்கைக்குப் போனார். அங்கே பெரிய பேர். 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் அங்கே நாடகம் போட வந்தார். கிட்டப்பா நாடகக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாம் நாடகக்காரங்க. அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பார். கிட்டப்பா ஆறு வயசுலேயே மேடை ஏறினவர். அந்தப் பொண்ணுகூடப் பாடி உன்னால ஈடு கொடுக்க முடியாதுன்னு சிலர் அவரைப் பயமுறுத்தினாங்களாம். இந்தம்மாகிட்டயும் அதே மாதிரி சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் வள்ளி திருமணம் நாடகத்துல சேர்ந்து நின்னாங்க. தினைப்புனம் காக்கிற வள்ளியும், வேடனா வர்ற முருகனும் பாட்டாலேயே வாதாடுற இடம்தான் அந்த நாடகத்தோட உயிர். ரெண்டு பேருக்கும் உச்சத்துல பேசுற குரல். யாரும் யாருக்கும் சளைக்கலை. அந்த ஜோடியைப் பாக்க வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க சனங்க.

1927-ல் மாயவரத்துல ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஊர்ல மனைவி இருந்தார். ஜாதியும் வேற. தெரிஞ்சேதான் சுந்தராம்பாள் சம்மதிச்சார். அந்த இன்னொரு பெண்ணோட பக்கத்தை யாரும் பெரிசா எழுதி வைக்கலை. எழுதியிருந்தா அதையும் நாம படிக்கணும்.

மேடையில ஜெயிச்ச அளவுக்கு வீட்டுல ஜெயிக்கலை. சுத்தி இருந்தவங்க பேச்சு, கோபம், பிரிவு. சுந்தராம்பாள் கர்ப்பமா இருந்த சமயத்துல கிட்டப்பா பக்கத்துல இல்லை. குழந்தை பிறந்து சில நாள்லயே இறந்து போச்சு. அந்த நாள்ல அவர் கிட்டப்பாவுக்கு எழுதின கடிதங்கள் பிற்பாடு அச்சுல வந்திருக்கு. கெஞ்சலும் இருக்கும், ரோஷமும் இருக்கும். ஒரு கொட்டகை நிறைய சனத்தைக் கட்டிப் போட்ட குரல், ஒரு ஆளை வரவழைக்க முடியாம கடுதாசியில கெஞ்சுது. அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம் உடம்பைக் கெடுத்தது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்துட்டார். அவருக்கு வயசு 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்னியிலேருந்து வெள்ளைச் சேலை, நெத்தியில திருநீறு, கழுத்துல ருத்திராட்சம். இனி எந்த ஆண் நடிகரோடயும் ஜோடியா நடிக்கறதில்லைன்னு முடிவு. கடைசி வரைக்கும் மாத்திக்கலை.

இந்த இடத்தை நான் எங்க குழுக் கூட்டத்துல படிச்சுக் காட்டினப்போ பெரிய வாக்குவாதமே ஆயிடுச்சு. இதையெல்லாம் எதுக்கு மலர்ல போடுறீங்க, புருஷன் போனா பொம்பளை வெள்ளை கட்டணும்னு சொல்ற மாதிரி ஆகாதான்னு ஒரு அக்கா கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். நானும் வீட்டுக்காரரை இழந்தவதான். அவர் போன ஆறாவது மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். தாலி கட்டுற நேரத்துக்குச் சமையல்கட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். யாரும் போகச் சொல்லலை. நானாத்தான் போனேன். அதனால இதை லேசா எழுதலை. என் எண்ணம் என்னன்னா, சுந்தராம்பாள் வெள்ளை கட்டினார், ஆனா மூலையில உக்காரலை. அடுத்த வருஷமே மேடைக்குத் திரும்பினார். இருபத்தஞ்சு வயசுல தனியா நிக்கிற நடிகையை அந்த நாடக உலகம் சும்மா விட்டிருக்குமா? அந்த வெள்ளைச் சேலை அவருக்கு ஒரு வேலியாவும் இருந்திருக்கும். வேலியை அவரே போட்டார், கதவுச் சாவியையும் அவரே வெச்சிருந்தார். அந்த அக்கா இதை முழுசா ஒத்துக்கலை. அதையும் இங்க பதிவு செய்யறேன்.

ஜோடி இல்லாம எந்த வேஷத்துல நடிக்கிறது? ஆம்பளை வேஷம்! நந்தனாரா நடிச்சார். மேடையில நடிச்ச அதே நந்தனாரை 1935-ல் சினிமாவாவும் எடுத்தாங்க. சினிமாக்காரங்க கேட்டு வந்தப்போ, இவங்களைத் திருப்பி அனுப்பினாப் போதும்னு நினைச்சு, ஒரு லட்சம் கொடுத்தால் வர்றேன்னு சொன்னாராம். அவங்க சரின்னுட்டாங்க. அப்போ ஒரு பவுன் இருபத்தஞ்சு ரூபாய் வாக்குல வித்தது. நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, நாலாயிரம் பவுன். அந்த நாள்ல ஆம்பளை நடிகர்களுக்கே யாரும் கேட்டிராத தொகை.

நான் வீட்டுல தையல் மிஷின் போட்டிருக்கேன். பிளவுஸ் தைச்சு வாங்க வர்றவங்க எவ்வளவுக்கான்னு கேட்டா, பாத்துக் குடுங்கம்மான்னுதான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தேன். லைனிங் துணி, நூல், கரண்ட் பில், உக்காந்த இடுப்பு வலி எல்லாம் போக மிச்சம் என்னன்னு கணக்குப் பாத்ததே இல்லை. குழுவுல வரவு செலவு எழுதப் பழகின பிறகுதான் ஒரு விலையை வாய்விட்டுச் சொன்னேன். ரெண்டு பேர் வராம போயிட்டாங்க, மத்தவங்க வந்தாங்க. சுந்தராம்பாள் ஒரு லட்சம்னு சொன்னப்போ அவர் தொண்டை நடுங்கியிருக்குமா, இருக்காதான்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன்.

படம் சுமார்தான்னு பேச்சு. கல்கி, ஆனந்த விகடன்ல விமர்சனம் எழுதினப்போ, அதுல மரமும் எருமையும்தான் நல்லா நடிச்சிருக்குங்கிற மாதிரி கிண்டல் பண்ணிட்டார். பெரிய எழுத்தாளர், ஊரே சிரிச்சிருக்கும். இந்தம்மா அதுக்காகப் பாட்டை நிறுத்தலை.

அரசியலும் இருந்தது. கிட்டப்பா, சுந்தராம்பாள் ரெண்டு பேருமே காங்கிரஸ் அனுதாபிகள். தீரர் சத்தியமூர்த்தி கூப்பிட்டார்னு கூட்டங்கள்ல பாடினார். மைக் வந்த புதுசு, இவர் குரலுக்கு அதுவும் தேவைப்படலை. பேச்சைக் கேக்க வராதவங்க பாட்டைக் கேக்க வருவாங்க, வந்தவங்க பேச்சையும் கேட்டுட்டுப் போவாங்க. காந்தி கொடுமுடிக்கு வந்தப்போ தன் வீட்டுல தங்கத் தட்டுல சாப்பாடு போட்டார். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதான்னு காந்தி கேட்டாராம். தட்டையும் கொடுத்துட்டார். அது ஏலம் போய் அரிஜன நிதிக்குச் சேர்ந்ததுன்னு சொல்வாங்க. ரயில்ல காசு வாங்கின கைதான் அதுவும்.

1940-ல் மணிமேகலை படத்துல மணிமேகலையா நடிச்சார். அப்புறம் சினிமாவுல ரொம்ப வருஷம் ஆளைக் காணோம்.

1953-ல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் ஔவையார் படம் எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு டைரக்‌ஷன். ஔவையார் கதையை ஞாபகப்படுத்திப் பாருங்க. கல்யாணம் வேண்டாம்னு பிள்ளையார்கிட்ட வேண்டிக்கிட்டு, கன்னிப் பொண்ணு கிழவியா மாறிடுவா. கிழவியாயிட்டா பொண்ணு கேட்டு யாரும் வர மாட்டாங்க, அவ இஷ்டப்பட்ட ஊருக்கு நடந்து போகலாம், ராஜாவுக்கும் புத்தி சொல்லலாம். சுந்தராம்பாள் இருபத்தஞ்சு வயசுல செஞ்சதும் ஏறக்குறைய அதுதானே? அதனாலதான் அந்த வேஷம் அவருக்குத் தோல் மாதிரி ஒட்டிக்கிச்சுன்னு நினைக்கிறேன். ஊர் ஊரா அந்தப் படம் ஓடினது. அப்புறம் தமிழ்நாட்டுல ஔவையார்னா இவர் முகம்தான். நிஜ ஔவையார் எப்படி இருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்!

அந்த 1950-களிலேயே சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவுல இருந்து நம்ம ஊர்ல சட்டசபைக்குள்ள போன முதல் ஆள் இவர்தான்னு சொல்வாங்க. பின்னாடி எத்தனையோ நடிகர்கள் போனாங்க, முதல்வர் நாற்காலியிலயும் உக்காந்தாங்க. அந்த வாசல்ல முதல்ல செருப்பைக் கழட்டி விட்டது கொடுமுடி பொண்ணு.

1964-ல் பூம்புகார் படம் வந்தது. கதை வசனம் கலைஞர் கருணாநிதி. அவர் திமுக, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இந்தம்மா காங்கிரஸ், முருக பக்தை. அதுல கவுந்தி அடிகள் வேஷம், அதாவது சமணத் துறவி. திருநீறு இல்லாத நெத்தியோட எப்படி நடிக்கிறதுன்னு தயங்கினாராம். பேசிச் சம்மதிக்க வெச்சாங்க. பாட்டு எடுக்கும்போது இன்னொரு சிக்கல். கோவலனை அநியாயமாக் கொன்ன பிறகு தெய்வம் எங்கே போச்சுன்னு கேக்கிற மாதிரி ஒரு வரி. அதை நான் பாட மாட்டேன்னுட்டார். அவ்வளவு செல்வாக்கான எழுத்தாளர், அவ்வளவு பேர் காத்துக்கிட்டிருக்காங்க, இசைக்காரங்க உக்காந்திருக்காங்க. இவர் அசையலை. கடைசியில தெய்வம் இங்கே வந்துடுச்சுங்கிற மாதிரி வரியை மாத்தினாங்க. பிறகு பாடினார். எனக்கு அந்த முதல் வரிதான் சரின்னு படுது, அந்தக் கதையில அந்தக் கேள்வியைக் கேக்கத்தானே வேணும்? ஆனா தன் வாயால எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு தீர்மானிக்கிற இடத்துல அவர் நின்னார் பாருங்க, அதை நான் மறுக்க மாட்டேன்.

1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை. ரெண்டுலயும் ஔவையார்தான். 1969-ல் துணைவன் படத்துல பாடினதுக்குச் சிறந்த பின்னணிப் பாடகின்னு தேசிய விருது கிடைச்சது. அப்போ வயசு அறுபதைத் தாண்டியாச்சு. 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் காரைக்கால் அம்மையார். அதுவும் வயசையும் அழகையும் வேண்டாம்னு கேட்டு வாங்கின பொண்ணோட கதைதான்.

கொடுமுடியில சொந்தமா ஒரு சினிமா கொட்டகையும் கட்டினார். தன் பேர்லயே. ஒரு காலத்துல அந்த ஊர் ஸ்டேஷன்ல ரயிலேறிக் காசுக்குப் பாடின பொண்ணோட பேரை அதே ஊர்ல பெரிய எழுத்துல எழுதி வெச்சிருந்தாங்க. எங்க அம்மா அங்கே படம் பாத்திருக்காங்க. என்ன படம்னு கேட்டா ஞாபகமில்லைம்பாங்க. கொட்டகை யாருதுங்கிறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

1980-ல் சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா போய் ஏறக்குறைய 47 வருஷம் ஆகியிருந்தது. அவரோட ஆறு வருஷ வாழ்க்கை. அதுக்கப்புறம் இத்தனை வருஷமும் பாடிச் சம்பாதிச்சு, தன் சொந்தபந்தத்துக்கும் பாத்து, கோயிலுக்கும் கட்சிக்கும் கொடுத்து வாழ்ந்த வாழ்க்கை.

மலர் வெளியீட்டு விழா அன்னிக்குச் சாயங்காலம் கலை நிகழ்ச்சியில ஔவையார் வேஷம் யார் போடறதுன்னு இன்னும் முடிவாகலை. பாட வர்றவங்க பகுதிக் கூட்டமைப்புப் பிரதிநிதிகிட்ட பேர் கொடுங்க. சுருதிப் பெட்டி ஏற்பாடு பண்ணியாச்சு. குத்துவிளக்கு ஏத்துறதுக்கு அஞ்சு பேர் பட்டியல்ல என் பேரையும் சேத்திருக்காங்க. சரின்னு சொல்லியிருக்கேன்.